சல்லடையில் அகப்பட்ட வரலாறு



ஐந்தாம் ஆண்டில் பயிலும் தம் மகள் டைனோசர் எலும்பு ஆராயும் வேலைக்குத்தான் போவேன் என்று அடம்பிடிப்பதாகவும், அப்படியொரு வேலை உண்மையிலேயே உண்டா, அதில் வயிறு நிறையுமா என்றும் தாயார் ஒருவர் என்னிடம் கேட்டார். கேள்வி நியாயமானது. மருத்துவம், பொறியியல், சட்டம் ஆகிய மூன்றுக்கு அப்பால் நாம் பிள்ளைகளுக்கு எந்தத் துறையையும் காட்டுவதில்லை. அவருக்குச் சொல்லத் தொடங்கிய விடை நீண்டுவிட்டது. அதனை இங்கே ஒரு வரலாறாகவே எழுதுகிறேன். ஆனால் டைனோசரைப் பற்றியன்று. அதன் காலடியில் ஓடித் திரிந்த சிற்றுயிர்களைப் பற்றி. அவற்றைத் தேடிக் கண்டெடுத்த உதவியாளர்களைப் பற்றி.

டைனோசர்கள் அழிந்த பிறகுதான் பாலூட்டிகள் தோன்றின என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். வகுப்பறைச் சுவரில் ஒட்டும் வரைபடங்களும் அப்படித்தான் காட்டுகின்றன. உண்மை வேறு. முதல் பாலூட்டிகள் ஏறத்தாழ 20 கோடி ஆண்டுகளுக்கு முன்னரே தோன்றிவிட்டன. டைனோசர்களின் ஆட்சி முடிந்ததோ 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்பு. ஆக, பாலூட்டிகளின் வரலாற்றில் மூன்றில் இரண்டு பங்கு டைனோசர்களோடு சேர்ந்தே கழிந்தது. அந்த நெடுங்காலத்தில் அவற்றுள் பெரும்பாலானவை எலியளவும் மூஞ்சூறளவுமே இருந்தன. அத்தகைய உயிரின் எலும்பு மண்ணில் எத்தனை நாள் நிற்கும்? நொறுங்கிப் போகும். எஞ்சுவது பல், அதுவும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நீளமே உள்ள பல். ஓர் அரிசிமணியை அதன் பக்கத்தில் வைத்தால் அரிசி பெரியதாகத் தெரியும்!

பல்லை வைத்து ஓர் உயிரையே சொல்லிவிட முடியுமா என்று கேட்கலாம். தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு இதனை எளிதில் விளக்கலாம். முதலாம் ஆண்டு வகுப்பில் நுழைந்தால் பாதிப் பிள்ளைகளுக்கு முன்பல் இருக்காது. பால் பல் விழுந்து நிலைப்பல் முளைக்கும் பருவம் அது. முதலையும் பல்லியும் வாழ்நாள் முழுவதும் பல்லை உதிர்த்துப் புதுப்பித்துக் கொண்டேயிருக்கும். பாலூட்டிகளுக்கோ பொதுவாக இரண்டே தொகுதி. குட்டி தாய்ப்பால் குடித்து வளர்வதால் தொடக்கத்தில் அதற்குப் பல் தேவைப்படுவதில்லை. தாடை ஓரளவு வளர்ந்த பிறகே பல் முளைக்கிறது. முளைத்த பல் நெடுங்காலம் நிலைக்கிறது. அவ்வாறு நிலைப்பதால் மேற்பல்லின் முகடு கீழ்ப்பல்லின் பள்ளத்தில் சரியாகப் பொருந்துகிறது. முகடு எத்தனை, வேர் ஒன்றா இரண்டா, தேய்மானம் எந்தப் பக்கம் என்று பார்த்தே, அது பாலூட்டியின் பல்லா, எக்குடும்பத்தைச் சேர்ந்தது, பூச்சியைத் தின்றதா, விதையைத் தின்றதா என்றெல்லாம் அறிஞர்கள் சொல்கிறார்கள்.

இனி அந்த வேலைக்கு வருவோம். ஆய்வு உதவியாளர் என்றால் சுத்தியலும் தொப்பியுமாகப் பாலைவனத்தில் நிற்பவர் என்று படங்கள் நமக்குக் கற்பித்துள்ளன. தொன்மைப் பாலூட்டி ஆய்வில் அவர் கையிலிருப்பது சல்லடை. பழைய ஏரிப்படுகை ஒன்றின் களிமண்ணை மூட்டை மூட்டையாக அள்ளிவந்து, வெயிலில் நன்றாக உலர்த்தி, நீரில் ஊறவைக்க வேண்டும். நீரில் கரையாத மண்ணை மண்ணெண்ணெயில் ஊறவைத்துப் பின்னர் நீரில் இடுவார்கள். சுண்ணாம்புக் கல்லாக இருந்தால் நீர்த்த அசெட்டிக் அமிலம். கரைந்த சேற்றைப் பெருங்கண் சல்லடை மேலும் சிறுகண் சல்லடை கீழுமாக அடுக்கி, நீர் ஊற்றி அலச வேண்டும். கடைசிச் சல்லடையின் கண் அரை மில்லிமீட்டரோ அதற்கும் குறைவோதான். எஞ்சிய பொடியை மறுபடி உலர்த்தி, நுண்ணோக்கியின் அடியில் ஒவ்வொரு சிட்டிகையாகப் பரப்பி, நுனி நனைத்த மெல்லிய தூரிகையால் பல் போன்றதைத் தொட்டுத் தொட்டு எடுக்க வேண்டும். நம் பாட்டிமார் முறத்தில் அரிசி பரப்பிக் கல் பொறுக்கிய அதே வேலைதான். வேறுபாடு ஒன்று: இங்கே கல்லைத் தள்ளி அரிசியைத் தேடுகிறார்கள், நாள் முழுதும் தேடியும் ஓர் அரிசிகூட அகப்படாத நாள்கள் உண்டு.

எடுத்ததைச் சிறு குப்பியில் இட்டுச் சீட்டு எழுத வேண்டும். எந்த ஊர், எந்தப் படுகை, எத்தனையாவது அடுக்கு, எந்த மூட்டை, எந்த நாள். இந்தச் சீட்டைப் பற்றிப் பின்னால் நிறையச் சொல்ல வேண்டியுள்ளது.

நிற்க. வயிற்றுப்பாட்டுக்கு வருகிறேன். இந்தியாவில் தேசியத் தகுதித் தேர்வில் தேறி இளநிலை ஆய்வாளராகச் சேர்பவருக்கு, 2023 முதல் நடைமுறைக்கு வந்த விகிதப்படி, மாத உதவித்தொகை 37,000 ரூபாய். நம் நாட்டில் பெரும்பாலும் ஆய்வு மானியத்தைச் சார்ந்த ஒப்பந்த வேலைதான். திட்டம் முடிந்தால் வேலையும் முடியும். இதனை மறைத்துப் பிள்ளைகளுக்கு ஆசை காட்டுவது முறையன்று. அதே வேளையில், சுங்கை பினாங்கிலிருந்து சிறிது தொலைவில் குளுகோரில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் தொல்லியலுக்கென்றே ஓர் ஆய்வு நடுவம் இயங்குகிறது என்பதும், மலாயாப் பல்கலைக்கழகத்தில் நிலவியல் துறை இருக்கிறது என்பதும் நம் பெற்றோர் எத்தனை பேருக்குத் தெரியும்?

உதவியாளர்களின் வரலாற்றில் முதலில் நினைவுக்கு வருபவர் அமெரிக்கரான ஜான் பெல் ஹாட்சர். ஏல் பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்ஷிடம் கூலிக்குப் புதைபடிவம் சேகரித்தவர். 1889-ஆம் ஆண்டு தொடங்கி வயோமிங் மாநிலத்தில் அவர் பாலூட்டிப் பற்களைத் தேடியபோது, எறும்புப் புற்றுகளை உற்று நோக்கினார். புற்றைக் காப்பதற்காக எறும்புகள் சிறு கற்களைச் சுமந்து வந்து மேலே பரப்புகின்றன; அக்கற்களோடு 6 கோடி ஆண்டுக்கு மேற்பட்ட பற்களும் கிடந்தன! மாவு சலிக்கும் சல்லடை ஒன்றை வைத்துக்கொண்டு அவர் புற்றுகளைச் சலித்தார். ஒரே புற்றில் இருநூறு முந்நூறு பற்களும் தாடைத் துண்டுகளும் கிடைத்தது உண்டு என்று பின்னாளில் எழுதியுள்ளார். எறும்பு இல்லாத இடத்திற்கு மண்ணோடு எறும்புகளையும் அள்ளிச்சென்று குடியேற்றினாராம். உதவியாளருக்கே உதவியாளர்கள்! ஆனால் அப்பற்களுக்குப் பெயர் சூட்டிக் கட்டுரை எழுதியவர் மார்ஷ் மட்டுமே. உதவியாளர்கள் தம் பெயரில் எழுதுவதை அவர் விரும்பவில்லை. அதனால் எழுந்த மனக்கசப்பு 1890-இல் நாளிதழ் வரை போனது.

எல்லாரும் மார்ஷைப் போல இருந்துவிடவில்லை. 1966-இல் ஆப்பிரிக்காவின் லெசோத்தோ நாட்டில், ஆய்வுக் குழுவில் இருந்த ஐயோன் ருட்னர் என்ற பெண்மணி, கையடக்கமான தொன்மைப் பாலூட்டி ஒன்றின் எலும்புக்கூட்டைக் கண்டார். பல் மட்டுமன்று, உடலும் சேர்ந்து கிடைத்தது அரிதினும் அரிது. 1968-இல் அதற்கு மெகாசோஸ்ட்ரோடான் ருட்னரே என்று அவர் பெயரையே சூட்டினார்கள். இலண்டனில் பேராசிரியர் கெர்மாக்கோடு பல்லாண்டு உழைத்த பிரான்சஸ் மஸ்ஸட் அம்மையாரின் பெயர், மார்கனுகோடான் என்ற தொன்மைப் பாலூட்டியின் தாடையைப் பற்றி 1973-இலும் மண்டையோட்டைப் பற்றி 1981-இலும் வெளிவந்த பெருநூல்களில் ஆசிரியர் பெயராகவே இடம்பெற்றது. சல்லடை பிடித்த கை அட்டைப்பக்கத்திற்கு வர எண்பது ஆண்டுகள் ஆயின.

இப்போது இந்தியாவுக்கு வருவோம்.

1840-களில் நாகபுரிக்கு வந்த ஸ்காட்லாந்துச் சமயப்பணியாளர் ஸ்டீபன் ஹிஸ்லாப், பள்ளிக்கூடம் நடத்திய நேரம் போக மீதி நேரத்தில் புதைபடிவம் தேடினார். (ஆசிரியர்கள் கவனிக்க!) தக்காணத்து எரிமலைக் குழம்பு ஒரே மூச்சில் வழிந்ததன்று, ஓர் அடுக்கு வழிந்து ஆறி, அதன்மேல் ஏரிகள் தோன்றி, மீன்களும் தவளைகளும் வாழ்ந்து, மீண்டும் குழம்பு வந்து மூடியிருக்கிறது. பாறைக்கும் பாறைக்கும் நடுவே அகப்பட்ட அந்த ஏரிப்படுகைகளை ஆராய்ந்த முன்னோடி அவர். 1863-இல் பழைய கல்வட்டங்களைப் பார்த்துத் திரும்பும்போது ஓடை வெள்ளத்தில் மூழ்கி இறந்தார். நாகபுரியில் அவர் பெயரில் இன்றும் ஒரு கல்லூரி உள்ளது.

அவ்வளவு முன்னரே தொடங்கியும், டைனோசர் காலத்துப் பாலூட்டி ஒன்றுகூட இந்தியாவில் நெடுநாள் அகப்படவில்லை. இந்திய நிலவியல் ஆய்வு நிறுவனத்தின் பி. எம். தத்தா, கோதாவரிப் பள்ளத்தாக்கின் கோட்டா படுகையில் கிடைத்த மேற்கடைவாய்ப்பல்லைக் கொண்டு, நாட்டின் முதல் ஜுராசிக் காலப் பாலூட்டியை 1981-இல் அறிவித்தார். இந்தியக் குடியுரிமை பெற்று இங்கேயே மறைந்த உயிரியல் அறிஞர் ஹால்டேனின் நினைவாக அதற்குக் கோட்டாதீரியம் ஹால்டேனி என்று பெயர் வைத்தார்.

அடுத்தது நஸ்கல். ஐதராபாத்துக்கு மேற்கே, இன்றைய தெலுங்கானாவில் உள்ள சிற்றூர். சண்டிகரிலுள்ள பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் அசோக் சகானியிடம் ஆய்வு மாணவராக இருந்த ஜி. வி. ஆர். பிரசாத், எரிமலைப் பாறைகளுக்கு இடைப்பட்ட அவ்வூர் மண்ணை அலசிச் சலித்தார். மீன் செதில், தவளை எலும்பு, பல்லித் தாடை என்று வந்துகொண்டிருந்த பொடியில் பாலூட்டிப் பற்களும் வந்தன. 1988-இல் இருவர் பெயரிலும் நேச்சர் இதழில் கட்டுரை வெளிவந்தது: இந்தியாவின் முதல் கிரிட்டேசியஸ் காலப் பாலூட்டி. பெயர் டெக்கனோலெஸ்டஸ் ஹிஸ்லோபி. முன்பகுதி தக்காணத்தைக் குறிப்பது. பின்பகுதி அந்த ஹிஸ்லாப்!

ஒரு பல்லுக்கு நேச்சர் இதழ் ஏன் இடம் கொடுக்க வேண்டும்? அக்காலத்தில் இந்தியா ஆசியாவோடு ஒட்டியிருக்கவில்லை. மடகாஸ்கரிலிருந்து பிரிந்து, பெருங்கடலில் தனித்தீவாக வடக்கு நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. அத்தகைய தீவில், நஞ்சுக்கொடிப் பாலூட்டிகளின் கிளையைச் சேர்ந்த ஓர் உயிர் எப்படி வந்தது? கடலைத் தாண்டியா, இடையே நிலத்தொடர் இருந்ததா, அல்லது அக்கிளையின் வேர்களில் ஒன்று இந்தியாவிலேயே இருந்ததா? இவ்வழக்கு இன்னும் முடியவில்லை.

பின்னர் அதே ஊர் மண்ணிலிருந்து கணுக்கால் எலும்புகளும் கிடைத்தன. 1994-இல் அவற்றை ஆராய்ந்தவர்கள், அது மரமேறும் உயிர் என்று கண்டார்கள். நமக்குப் பழக்கமான ஒப்புமை சொல்வதானால், தண்ணீர்மலைப் பூங்காவில் அணில் என்று நினைத்து நாம் கடந்துபோகும் கூர்மூக்குடைய மர மூஞ்சூற்றை நினைத்துக்கொள்ளலாம். (நேர் மூதாதை என்று பொருள்கொள்ள வேண்டாம், வாழ்ந்த முறையில்தான் ஒப்புமை.) அம்மர மூஞ்சூற்றுக்கும் ஒரு கதை உண்டு. அறிவியல் உலகம் அதனை முதலில் அறிந்தது நம் பினாங்குத் தீவிலிருந்துதான். 1820-இல் அதனை விவரித்தவர்கள் தியார், துவோசெல் என்ற பிரெஞ்சு இளைஞர் இருவர்; இராஃபிள்சிடம் சேகரிப்பாளராக வேலை பார்த்தவர்கள். சேகரித்தவை யாருக்குச் சொந்தம் என்பதில் அவர்களுக்கும் இராஃபிள்சுக்கும் பிணக்கு ஏற்பட்டது. அவர்களை அனுப்பிவிட்டு இராஃபிள்சு தாமே விலங்குகளை விவரித்து வெளியிட்டார். துபையா என்ற பேரினப் பெயர் அவர் இட்டது. மலாய்மொழித் துப்பாய் என்னும் சொல்லேதான் அது. இங்கும் உதவியாளர் வழக்கு!

சீட்டைப் பற்றிச் சொல்வதாகக் கூறியிருந்தேன் அல்லவா?

2005-இல் தத்தா இன்னொரு பல்லை அறிவித்தார். மத்தியப் பிரதேசத்தின் டிக்கி படுகையில் கிடைத்த ஒற்றை மேற்கடைவாய்ப்பல். படுகையின் காலம் டிரயாசிக். அதாவது 20 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்டது. டிக்கிதீரியம் என்று பெயரிடப்பட்ட அந்த உயிர் உலகின் மிகப் பழைய பாலூட்டிகளுள் ஒன்றாகப் பாடநூல்களிலும் பட்டியல்களிலும் இடம்பிடித்தது. ஆனால் அதன் அமைப்பு அக்காலத்திற்குப் பொருந்தாத அளவு வளர்ச்சியடைந்திருந்தது. 2024-இல் உருசிய அறிஞர்களான அவெரியானோவ், வோய்டா ஆகிய இருவரும் அதனை மறுபடி ஒப்பிட்டு, அது மூஞ்சூற்றுப் பல் என்று எழுதினார்கள். பிள்ளையாரின் வாகனமாக நாம் வணங்கும் மூஞ்சூறேதான்! வயது மிஞ்சிப் போனால் இரண்டு கோடி ஆண்டுகளைச் சற்றுத் தாண்டும். அதே படுகையில் கிடைத்ததாக 2006-இல் அறிவிக்கப்பட்ட டிக்கிகுவானியா என்ற பல்லித் தாடைக்கும் 2012-இல் இதே நிலை ஏற்பட்டிருந்தது. மேலே கிடந்த பிற்கால மண் கீழ்மண்ணோடு கலந்துவிட்டால் இப்படி நேரும். யாரும் ஏமாற்ற வேண்டியதில்லை. ஒரு பிடி மண் போதும், பதினெட்டுக் கோடி ஆண்டுகள் பிசகிவிடும்.

ஏமாற்றும் நடந்திருக்கிறது. 1989-இல், அதே நேச்சர் இதழில், ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஜான் டேலண்ட் ஒரு குற்றச்சாட்டை வைத்தார். இமயமலையில் கண்டெடுத்ததாகக் கால் நூற்றாண்டாக எழுதப்பட்டுவந்த புதைபடிவங்கள் பல, மொரோக்கோவிலிருந்தும் நியூயார்க் மாநிலத்திலிருந்தும் வந்தவை என்பதே அது. எழுதியவர் பேராசிரியர் வி. ஜே. குப்தா. அவர் பணியாற்றிய இடம் பஞ்சாப் பல்கலைக்கழகம்; நஸ்கல் பற்கள் நுண்ணோக்கியின் அடியில் கிடந்த அதே பல்கலைக்கழகம்! பின்னர் நடந்த விசாரணையும் குற்றச்சாட்டை உறுதிசெய்தது. கூட்டாகக் கையெழுத்திட்ட வெளிநாட்டு அறிஞர்கள் பலர், படிவம் எங்கிருந்து வந்தது என்பதைத் தாங்கள் நேரில் பார்க்கவில்லை என்றனர். படிவங்கள் உண்மையானவை, சீட்டுதான் பொய். எழுதிய கட்டுரைகளோ நூற்றுக்கணக்கில்! இமயமலையின் வரலாற்றில் எது நிற்கும், எது நிற்காது என்று பிரித்தெடுக்கும் வேலை பிறர் தலையில் விழுந்தது. நஸ்கல் பற்கள் நின்றன. காரணம் எளிது. அவ்வூர் மண்ணை வேறு குழுவினரும் போய் அள்ளலாம், சலிக்கலாம். மீண்டும் மீண்டும் பற்கள் வந்திருக்கின்றன.

தமிழ்நாட்டில் இத்தகைய மண் இல்லையா என்று கேட்பீர்கள். அரியலூர் மாவட்டத்துக் கல்லமேட்டில் உண்டு. அரியலூர் வட்டாரத்தின் கடற்படிவங்கள் 1840-களிலிருந்தே உலகப் புகழ் பெற்றவை. அக்கடல் பின்வாங்கிய இடத்தில் ஆற்றுமண் படிந்த பகுதி கல்லமேடு. அங்கே யாதகிரி, அய்யாசாமி ஆகிய நிலவியலாளர்கள் கண்ட பேருருவ எலும்புகளுக்கு 1987-இல் புருகத்காயோசாரஸ் என்று பெயரிட்டார்கள். முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு ஒன்று மட்டுமே இரண்டு மீட்டர்! உலகின் மிகப் பெரிய நிலவிலங்கு அதுவாகவே இருக்கலாம் என்று வாதிடுவோரும் உண்டு. ஆனால் எலும்புகள் சிதைந்து பொடிந்துவிட்டன. இப்போது எஞ்சியிருப்பவை வரைபடங்களும் மங்கலான சில நிழற்படங்களுமே. எத்தனை பெரிய பொருள் கிடைத்தும் காத்து வைக்க முடியவில்லையே என்று எனக்கு இன்றும் மனம் ஆறவில்லை.

அதே கல்லமேட்டுக்குப் பிரசாத்தும் அவர் மாணவர்களும் இலண்டன், நியூயார்க் அறிஞர்களோடு சேர்ந்து சென்றார்கள். 2013-இல் அவர்கள் அறிவித்தவற்றுள் ஒன்று, ட்ரூடாண்டிட் என்ற சிறு ஊனுண்ணி டைனோசரின் ஒற்றைப் பல். அதுவரை வடகண்டங்களில் மட்டுமே வாழ்ந்ததாகக் கருதப்பட்ட குடும்பம் அது. இரண்டு மீட்டர் எலும்பு போய்விட்டது. குப்பியில் அடங்கும் பல் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். தமிழகத்திற்குச் சுற்றுலா செல்லும் ஆசிரியர்கள் அரியலூருக்கு அருகே வாரணவாசியில் உள்ள புதைபடிவ அருங்காட்சியகத்திற்கு ஒரு நடை போய் வரலாம்.

நம் நாட்டிலும் கதை பல்லில்தான் தொடங்குகிறது. தைப்பூசத்திற்கு நாம் இலட்சக்கணக்கில் திரளும் பத்துமலையின் குகைப்படிவுகளிலிருந்து, இன்று தீபகற்ப மலேசியாவில் காட்டில் இல்லாத உராங் உத்தானின் பற்களை மலேசிய ஆய்வாளர் குழு 2013-இல் அறிவித்தது. தென்கிழக்காசியக் குகைகளில் பற்கள் மட்டுமே மிகுதியாக அகப்படுவதற்கு முள்ளம்பன்றியும் ஒரு காரணம். சுண்ணச் சத்துக்காக அது எலும்பைக் கொறித்துத் தீர்த்துவிட்டு, பல்லின் கடினமான எனாமலை விட்டுவிடுகிறது.

டைனோசர் காலத்து மண்ணும் இங்கே உண்டு. மலாயாப் பல்கலைக்கழகத்தின் மசாதோஷி சோனே தலைமையிலான குழுவினர் 2012-இல் பகாங் மாநிலத்தின் உட்பகுதியில் ஒரு பல்லைக் கண்டெடுத்து, 2014 பிப்ரவரியில் அறிவித்தார்கள். 23 மில்லிமீட்டர் நீளம். மீன் தின்னும் ஸ்பைனோசார் குடும்பம். மலேசியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட டைனோசர் எச்சம் அது. கண்டெடுத்த இடத்தின் பெயரை மட்டும் அவர்கள் பொதுமக்களுக்குச் சொல்லவில்லை. ஆர்வக் கோளாறில் ஆள்கள் போய்த் தோண்டிவிடக் கூடாது என்பதற்காக. பல்லோடு இருக்கும் சீட்டில் அது எழுதப்பட்டிருக்கும். அந்த மண்ணில் எலியளவு பாலூட்டியின் பல் கிடைக்குமா என்பது, அதனை யாராவது மூட்டை மூட்டையாக அள்ளி ஊறவைத்துச் சலித்த பிறகுதான் தெரியும்.